அத்தியாயம் 7: ட்ராக்கும் திரையும்

ஆறு மாதம் உட்கார்ந்து ஃபோம் வெட்டி, ஒட்டி, பெயின்ட் அடித்து உடை செய்கிறோம். மேடைக்கான ட்ராக்கை மட்டும் முந்தின நாள் இரவு பதினோரு மணிக்குத் தொடங்குகிறோம். ஒரு பாட்டை இறக்கி, நடுவில் வெட்டி, வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுத் தூங்கப் போகிறோம். மறுநாள் மேடையில் அந்த உடையின் உழைப்பு பாதிகூட வெளியே தெரிவதில்லை.

ட்ராக்கை முதலில் முடியுங்கள். கதாபாத்திரம் முடிவானதும் அடுத்த வேலை அதுதான். எந்த நொடியில் வாள் உருவ வேண்டும், எப்போது இறக்கை விரிய வேண்டும், மேலங்கியைக் கழற்ற எத்தனை நொடி கிடைக்கும் என்பதெல்லாம் ட்ராக்கில்தான் தீர்மானமாகிறது. மேலங்கியை நான்கு நொடியில் கழற்ற வேண்டும் என்று முன்பே தெரிந்தால் பட்டன் வைக்க மாட்டீர்கள், வெல்க்ரோ வைப்பீர்கள். ட்ராக் முன்னால் போனால் உடை அதன் பின்னால் சரியாக வந்து சேரும்.

காஸ்பிளே மேடையில் வசனத்தை நேரடியாகப் பேசுவது அரிது. கையில் வாள் இருக்கும்போது மைக்கை எங்கே பிடிப்பது? முகமூடிக்குள்ளிருந்து வரும் குரல் முதல் வரிசைக்கே எட்டாது. காலர் மைக் மாட்டினால் விக்கும் கவசமும் அதில் உரசிக்கொண்டே இருக்கும். அதனால் வசனம், இசை, சத்தம் எல்லாவற்றையும் முன்கூட்டியே பதிவு செய்து, மேடையில் உடலால் மட்டும் நடிப்பதுதான் உலகம் முழுக்க வழக்கம். ஜப்பானின் நகோயாவில் 2003 முதல் நடக்கும் உலக காஸ்பிளே உச்சி மாநாட்டில் 2005 முதல் போட்டி உண்டு. அங்கே மேடை நேரம் இரண்டரை நிமிடம். நம் ஊர் மேடைகளில் நேரம் கூடும், குறையும். எதுவானாலும் விதிமுறைத் தாளில் உள்ள நேரத்தில் ஐந்து நொடி குறைத்தே திட்டமிடுங்கள். நேரம் தாண்டினால் மதிப்பெண் போகும், சில இடங்களில் சத்தத்தையே நிறுத்திவிடுவார்கள்.

இந்த அத்தியாயம் முழுக்க ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். ‘டீமன் ஸ்லேயர்’ தொடரின் தஞ்சிரோவும் அவன் தங்கை நெசுகோவும். 2016 முதல் 2020 வரை மாங்காவாக வந்த கதை. அண்ணன் கையில் கறுப்பு வாள், முதுகில் தங்கையைச் சுமக்கும் மரப்பெட்டி. தங்கை வாயில் மூங்கில் துண்டு, அதனால் அவளுக்கு வசனமே கிடையாது. இருவர், இரண்டரை நிமிடம்.

நொடிக் கணக்கு

இரண்டரை நிமிடம் என்பது 150 நொடி. காகிதத்தில் ஒரு நீளக் கோடு போட்டு, பத்து பத்து நொடியாகப் பிரியுங்கள். கதையைச் சொல்லத் தொடங்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள்: முதல் பத்து நொடியில் பார்வையாளர் உங்கள் கதையைக் கேட்பதில்லை. உடையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், கைதட்டுகிறார், பெயரைக் கத்துகிறார். அந்தப் பத்து நொடிக்குள் முக்கியமான வசனம் எதையும் வைக்காதீர்கள். இசை மட்டும் ஓடட்டும், நீங்கள் நின்று காட்டுங்கள்.

இசையின் வேகம் தெரிந்தால் கணக்கு எளிது. நிமிடத்துக்கு 120 அடி என்றால் நொடிக்கு இரண்டு அடி. டான்ஸ் கிளாஸில் சொல்லும் ‘எட்டு கவுண்ட்’ ஒன்று சரியாக நான்கு நொடி. சண்டைக் காட்சிக்கு நாற்பது நொடி ஒதுக்கினால் உங்களிடம் பத்து எட்டு கவுண்ட் இருக்கிறது. ஒத்திகையில் நொடியை எண்ணாதீர்கள், கவுண்ட்டை எண்ணுங்கள். உடம்புக்கு அதுதான் பிடிபடும்.

அடுத்தது பலர் தவறவிடும் விஷயம். அரங்கத்தின் ஸ்பீக்கர்கள் பார்வையாளரை நோக்கி இருக்கின்றன. நீங்கள் நிற்பதோ அவற்றின் பின்னால். மெல்லிய, கூர்மையான சத்தங்கள் முன்பக்கமாகப் போய்விடும். உங்களை வந்து சேருவது பெரும்பாலும் கனத்த பேஸ் சத்தமும் டிரம்மும்தான். அதன்மேல் விக், ஹெல்மெட், ஃபோம் எல்லாம் காதை மூடியிருக்கும். வீட்டில் ஹெட்ஃபோனில் தெளிவாகக் கேட்ட ‘சிங்’ என்ற வாள் சத்தம் மேடையில் உங்கள் காதுக்கே வராமல் போகலாம். ஆகவே ஒவ்வொரு முக்கிய அசைவுக்கும் ஒரு நொடி முன்னதாக, உங்களுக்கான அடையாளமாகக் கனத்த சத்தம் ஒன்றை வையுங்கள்.

தஞ்சிரோவுக்கு இது கதையிலேயே இருக்கிறது. அவனது ஒவ்வொரு வாள்வீச்சுக்கும் முன்னால் ஆழ்ந்த மூச்சு ஒன்று உண்டு. அவன் கற்ற வித்தையே மூச்சுப் பயிற்சி. பார்வையாளருக்கு அந்த மூச்சுச் சத்தத்தைக் கொடுங்கள். அதே இடத்தில், அதன் அடியில், ஒரு பறையடி போன்ற கனத்த ஒற்றை அடியையும் சேருங்கள். பார்வையாளருக்கு அது பதற்றத்தைக் கூட்டும் இசை. உங்களுக்கு அது ‘இப்போது’ என்ற சொல். காதில் விழாவிட்டாலும் மேடைப் பலகை வழியாகப் பாதத்தில் தெரியும்.

நெசுகோவின் பெட்டியும் அப்படித்தான். வளர்ந்த பெண் ஒருத்தியை அந்தச் சின்னப் பெட்டிக்குள் அடைக்க முடியாது. தஞ்சிரோ பார்வையாளருக்கு முதுகைக் காட்டி மண்டியிடுகிறான். பழைய மரக்கதவு கிறீச்சிடும் சத்தம் இரண்டு நொடி. பிறகு விளக்கு மங்கி, பக்கவாட்டிலிருந்து நெசுகோ வருகிறாள். அந்தக் கிறீச் சத்தம் இல்லாவிட்டால் அவள் யாரோ நடந்து வந்த பெண். சத்தம் இருந்தால் பெட்டியிலிருந்து வந்தவள்.

குரல் பதிவு

ஸ்டூடியோ வேண்டாம். நல்ல மைக் கையில் இல்லாவிட்டால் இன்றைய செல்போனே போதும். வேண்டியது அமைதியான அறை. நம் வீடுகளில் அது சுலபமில்லை. மின்விசிறியை நிறுத்துங்கள், ஃபிரிட்ஜைப் பத்து நிமிடம் அணைத்து வையுங்கள், இன்வெர்ட்டர் ஓடும் நேரத்தில் பதிவு செய்யாதீர்கள். பீரோவைத் திறந்து, தொங்கும் புடவைகளையும் சட்டைகளையும் பார்த்தபடி நின்று பேசுங்கள். துணி எதிரொலியை விழுங்கிவிடும். அல்லது கனமான போர்வையைத் தலைக்கு மேல் போட்டுக்கொள்ளுங்கள். வியர்க்கும், பரவாயில்லை. விடியற்காலை நான்கு மணி இதற்கு மிக நல்ல நேரம். தெருவில் வண்டி இருக்காது.

மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். நேராகப் பேசாமல் சற்றுப் பக்கவாட்டில் பேசினால் ‘ப’, ‘ட’ எழுத்துகளில் காற்று மோதும் சத்தம் வராது. மீட்டர் சிவப்பைத் தொடவே கூடாது. கழித்தல் 12 டெசிபெல் அருகில் நின்றால் நிம்மதி. சின்னதாகப் பதிவானதைப் பெரிதாக்கலாம், உடைந்த சத்தத்தை ஒட்ட முடியாது. பேசத் தொடங்கும் முன் பத்து நொடி சும்மா இருந்து வெறும் அறையைப் பதிவு செய்யுங்கள். ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் இரைச்சலை நீக்க அந்தப் பத்து நொடிதான் மாதிரி.

வசனம் குட்டியாக இருக்கட்டும். கண்காட்சிக் கூடங்களின் கூரை உயரமானது, தகரமும் கான்கிரீட்டும் சத்தத்தைத் திருப்பி அடிக்கும். ஒரு சொல் முடிந்தபின்னும் அதன் வால் காற்றில் நிற்கும். நீளமான வாக்கியத்தில் அடுத்த சொல் அந்த வாலின் மேல் ஏறி இரண்டும் கூழாகிவிடும். வழக்கமாகப் பேசுவதைவிட மெதுவாகப் பேசுங்கள், வாக்கியத்துக்கு வாக்கியம் ஒரு நொடி விடுங்கள். ‘என் தங்கையைத் தொட்டவர்களை நான் ஒருபோதும் மன்னிக்கமாட்டேன் என்பதை நினைவில் வைத்துக்கொள்’ என்று எழுதினால் அரங்கத்தில் பாதி கரைந்துவிடும். ‘அவள் என் தங்கை. தொடாதே.’ இது கடைசி வரிசைக்கும் போய்ச் சேரும்.

அனிமேயிலிருந்தே குரலை வெட்டி எடுக்கலாமே என்பார்கள். வேண்டாம் என்பது என் கருத்து. அந்தக் குரலோடு அதன் பின்னணி இசையும் ஒட்டிக்கொண்டு வரும், உங்கள் இசையோடு சேராது. அதைவிட முக்கியம், உங்கள் உடம்பு உங்கள் குரலுக்குத்தான் இயல்பாக அசையும். மூச்சு எங்கே வாங்கினீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

சேர்ப்பது

குரல், இசை, சத்தம் மூன்றையும் தனித்தனி வரிசையில் வையுங்கள். குரல் வரும் இடத்தில் இசையைப் பத்துப் பன்னிரண்டு டெசிபெல் இறக்குங்கள். ஹெட்ஃபோனில் கேட்கும்போது ‘இசை ரொம்பக் குறைந்துவிட்டதே’ என்று தோன்றும். அதுதான் சரியான அளவு. இசையை வெட்டும் இடம் தாளத்தின் மேல் விழ வேண்டும். வெட்டின் இரு பக்கமும் சின்னதாக மங்கல் கொடுத்தால் ‘டிக்’ என்று கேட்காது.

ஒருமுறை மோனோவாக மாற்றிக் கேளுங்கள். பல அரங்குகளில் இடது, வலது இரண்டும் ஒன்றாகக் கலந்தே போகும். சில பாடல்கள் அப்படிக் கலக்கும்போது குரலையோ கிட்டாரையோ இழந்துவிடும். அது முன்பே தெரிந்தால் மாற்றலாம். பிறகு செல்போன் ஸ்பீக்கரில் கேளுங்கள். அடுத்து டி.வி.யில் போட்டுவிட்டு, பக்கத்து அறைக்குப் போய் நின்று கேளுங்கள். அங்கிருந்து வசனம் புரிந்தால் அரங்கத்திலும் புரியும். ட்ராக்கை ஒருமுறைகூடக் கேட்டிராத ஒருவரை, அம்மாவோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ, கூப்பிட்டுக் கேட்கச் சொல்லி, என்ன நடந்தது என்று கேளுங்கள். உங்களுக்கு வசனம் மனப்பாடம், உங்கள் காது பொய் சொல்லும்.

வேலை முடியும்வரை வாவ் கோப்பாகவே வைத்திருங்கள். இரண்டரை நிமிட ஸ்டீரியோ வாவ் 25 எம்.பி. சுற்றிதான் வரும், இடம் ஒரு பிரச்சினையே இல்லை. எம்.பி.3 ஆக மாற்றி, அதைத் திரும்பத் திறந்து, வெட்டி, மறுபடி மாற்றினால் ஒவ்வொரு முறையும் தரம் தேயும்.

பாட்டு உரிமை பற்றி ஒரு வார்த்தை. பொது மேடையில் பாட்டு ஒலிக்க பி.பி.எல்., ஐ.பி.ஆர்.எஸ். போன்ற அமைப்புகளின் உரிமம் வாங்குவது வழக்கமாக நிகழ்ச்சி நடத்துபவரின் வேலை. ஆனால் நிகழ்ச்சி யூடியூபில் நேரலையாகப் போனாலோ, பிறகு வீடியோவாக ஏறினாலோ, பிரபலப் பாட்டு உள்ள பகுதி ஊமையாக்கப்படலாம். உரிமத்தொகை கேட்காத இசை, அல்லது நண்பர் சொந்தமாக அமைத்து வாசித்துத் தந்த இசை இருந்தால் பெரும்பாலும் அந்தக் கவலை இல்லை.

திரை

பழைய நாடகக் கம்பெனிகளில் சீன் படுதா என்று ஒன்று இருந்தது. அரண்மனை, காடு, கடல் என்று வரைந்து பின்னால் தொங்கவிடுவார்கள். நவாப் ராஜமாணிக்கத்தின் கம்பெனியையும் ஆர்.எஸ். மனோகரின் நாடகங்களையும் பார்த்தவர்கள் இன்றும் அந்தக் காட்சியமைப்பைப் பற்றிப் பேசுகிறார்கள். எல்.இ.டி. திரை இன்றைய படுதா. படுதாவுக்கு முன்னால் நடிகர் நிற்கிறார் என்பதை மறந்தால் திரை உங்களை விழுங்கிவிடும்.

திரையில் அனிமே காட்சியை ஓடவிடாதீர்கள். கண் எப்போதும் அசைவதையும் வெளிச்சமானதையும்தான் தேடிப் போகும். பின்னால் தஞ்சிரோவே சண்டை போட்டுக்கொண்டிருந்தால் முன்னால் நிற்கும் உங்களை யார் பார்ப்பார்கள்? இருட்டான காடு, மெல்ல விழும் பனி, தூரத்தில் ஒரு வீட்டின் விளக்கு, இவை போதும். அசைவு மெதுவாக இருக்கட்டும். வேகமான அசைவை ஒரே ஓர் இடத்துக்குச் சேமித்து வையுங்கள்: வாள் வீசும்போது திரையின் குறுக்கே பாயும் நீலநீர். இரண்டரை நிமிடத்தில் ஒருமுறை வந்தால் அரங்கம் எழுந்து நிற்கும். ஆறு முறை வந்தால் மூன்றாவது முறையே பழகிவிடும்.

எல்.இ.டி.யின் வெளிச்சம் கடுமையானது. வெள்ளைப் பின்னணி வைத்தால் முன்னால் நிற்பவர் கறுப்பு நிழலாகத் தெரிவார். உடையின் ஒரு தையலும் தெரியாது. வேண்டுமென்றே நிழலுருவம் காட்ட ஒரு நொடி வைத்துக்கொள்ளலாம். மற்றபடி கறுப்பும் அடர்நீலமும் அடர்சிவப்பும்தான் உங்கள் நண்பர்கள். புரொஜெக்டர் என்றால் நிலைமை தலைகீழ். மேடை விளக்கு திரையில் பட்டு எல்லாம் வெளிறிவிடும், இருட்டான படம் காணாமலே போகும். ஆகவே எந்தத் திரை என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

திரையின் கீழ் மூன்றில் ஒரு பங்கை உங்கள் உடம்பு மறைக்கும். அங்கே எழுத்தோ முக்கியப் படமோ வைக்காதீர்கள். நான்கு ஓரங்களிலும் பத்தில் ஒரு பங்கைக் காலியாக விடுங்கள், சில அரங்குகளில் ஓரம் வெட்டுப்படும். எழுத்து தேவையானால் நான்கைந்து சொற்கள், மூன்று நொடி.

பளிச் பளிச்சென்று மின்னும் ஒளியில் மிகக் கவனமாக இருங்கள். 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் போகிமான் தொடரின் ஓர் அத்தியாயத்தில் சிவப்பும் நீலமும் வேகமாக மாறி மாறி மின்னியதில் அறுநூறுக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் குழந்தைகள், வலிப்பும் மயக்கமுமாக மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஒரு நொடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னக் கூடாது என்பது பொதுவான விதி. உங்கள் அரங்கத்திலும் குழந்தைகள் இருக்கிறார்கள்.

வீடியோவின் அளவு 1920-க்கு 1080, எச்.264, எம்.பி.4, நொடிக்கு 25 அல்லது 30 சட்டகம். வினாடிக்கு 15 மெகாபிட் கொடுத்தால் இரண்டரை நிமிடம் 280 எம்.பி. அளவில் வரும். செல்போனில் எடுத்த காட்சிகளைச் சேர்ப்பதாக இருந்தால் ஒன்று செய்யுங்கள். பல போன்கள் சட்டக வேகத்தைத் தன்னிச்சையாக ஏற்றி இறக்கும், எடிட்டில் போகப் போக உதடும் குரலும் விலகும். ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் அதை நிலையான வேகத்துக்கு மாற்றிவிட்டு எடிட்டில் சேருங்கள்.

ஒரே கோப்பு

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரி விழாவில் நானும் என் தோழியும் இதே அண்ணன் தங்கை காட்சியைச் செய்தோம். ட்ராக்கைத் தனியாகவும் வீடியோவைத் தனியாகவும் கொடுத்திருந்தோம். இரண்டையும் இரண்டு கணினியில் இருவர் இயக்கினார்கள். வீடியோ நான்கு நொடி பிந்தித் தொடங்கியது. நான் வாளை வீசி, நிறுத்தி, தலை குனிந்து வணங்கிய பிறகு எனக்குப் பின்னால் நீர் பாய்ந்தது. அரங்கம் சிரித்தது. மூங்கிலைக் கடித்தபடி நின்ற என் தோழியின் கண்ணில் நீர் நிற்பதைப் பார்த்தேன். இயக்கியவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. இரண்டு பொத்தான்களை ஒரே கணத்தில் அழுத்தச் சொன்னது நான்தான்.

அன்றிலிருந்து என் விதி இது: ட்ராக்கும் வீடியோவும் ஒரே கோப்பு. ஒருவர், ஒரு பொத்தான். வீடியோ வேண்டாம் என்று முடிவு செய்தால் வெறும் ஒலிக்கோப்பு போதும். இரண்டும் இருந்தால் சேர்த்தே எக்ஸ்போர்ட் செய்யுங்கள். ஒலியை மட்டும் ஒரு வாவ் கோப்பாகத் தனியே கொடுத்து வையுங்கள். திரை பழுதானால் அதை வைத்து நடிக்கலாம்.

கோப்பின் தொடக்கத்தில் மூன்று நொடி கறுப்பு. முடிவில் பத்து நொடி கறுப்பும் அமைதியும். இந்தப் பத்து நொடி மிக முக்கியம். அது இல்லாவிட்டால் உங்கள் காட்சி முடிந்த கணமே திரையில் கணினியின் முகப்பு வந்து நிற்கும், அல்லது அடுத்த போட்டியாளரின் பாட்டு ஓடத் தொடங்கும்.

பெயர் ஆங்கில எழுத்தில் இருக்கட்டும், சில கணினிகளில் தமிழெழுத்து கட்டம் கட்டமாகத் தெரியும். முதலில் உங்கள் வரிசை எண், பிறகு கதாபாத்திரம், பிறகு நேரம். ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘ரியல் ஃபைனல்’ என்று மூன்று கோப்புகள் ஒரே பென் டிரைவில் இருக்கவே கூடாது. அந்த டிரைவில் வேறு எதுவும் வேண்டாம், கல்யாண போட்டோகூட. இரண்டு டிரைவ் எடுத்துப் போங்கள், இரண்டாவது நண்பரின் பையில் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டி வந்தால் வீடியோவாக அனுப்பாமல் ‘டாக்குமென்ட்’ என்று அனுப்புங்கள். வீடியோவாகப் போனால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும்.

ஆபரேட்டரிடம்

சவுண்ட் மேசையில் இருப்பவர் காலையிலிருந்து முப்பது நாற்பது பேரின் கோப்புகளை ஓட்டியிருப்பார். பல நேரம் சாப்பிட்டிருக்க மாட்டார். உங்கள் காட்சியை அவர் பார்த்ததில்லை. ஒரு பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதிய குறிப்புத் தாளை அவரிடம் கொடுத்து, நேரில் ஒரு நிமிடம் பேசுங்கள்.

“அண்ணே, ரெண்டு பேரும் மேடைக்கு வந்து நின்னதும் நான் கையைத் தூக்குவேன். அப்ப ப்ளே பண்ணுங்க. முதல் மூணு நொடி கறுப்பா இருக்கும், சத்தம் வராது, நிறுத்திடாதீங்க.”

“சரிம்மா. முடிஞ்சதும் நான் கட் பண்ணணுமா?”

“வேண்டாம்ணே. கடைசில பத்து நொடி சும்மா ஓடும். நாங்க இறங்கிடுவோம். ஒண்ணு மட்டும், ஒண்ணரை நிமிஷத்துல எல்லாம் அமைதியாயிடும். அது நாங்க வச்சதுதான், ட்ராக் நின்னுபோச்சுன்னு நினைச்சுடாதீங்க.”

இந்த மூன்று விஷயம்தான்: எப்போது தொடங்குவது, நடுவில் அமைதி உண்டா, எப்படி முடியும். முடிந்தால் அவர் கணினியிலேயே முதல் பத்து நொடியும் கடைசிப் பத்து நொடியும் ஓட்டிப் பாருங்கள். சத்தம் கூட்ட வேண்டுமா குறைக்க வேண்டுமா என்று அவரிடமே கேளுங்கள். அந்த அரங்கம் அவருக்குத்தான் தெரியும். நிகழ்ச்சி முடிந்ததும் திரும்பிப் போய் நன்றி சொல்லுங்கள்.

முழு உடையில், விக், ஹெல்மெட், காலணியோடு, இறுதிக் கோப்பை ஓடவிட்டு ஐந்து முறையாவது ஒத்திகை பாருங்கள். மொட்டை மாடி போதும். கோப்பில் திருத்தம் எதுவானாலும் அந்த ஒத்திகைகளுக்குள் முடித்துவிடுங்கள். நிகழ்ச்சிக்கு முந்தின நாள் மாலை ஆறு மணிக்கு மேல் கோப்பைத் திறக்காதீர்கள். சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள்.